சிவப்பாகவே இருக்கட்டும்

தரணி வேலை செய்த கம்பெனி திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே வெல்டிங் சத்தம் ஓயாது. மேலே ஆறேழு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு கருவியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் 'நாரு'. தெலுங்கில் நாற்று என்று பொருள்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கும்போது, கறுப்புத் திரையில் 'நாரு' என்று தட்டி ஒரு கட்டளையைச் சேர்த்தால் போதும். தேவையான கோப்புகளை அதுவே உருவாக்கி, அடுக்கி, வேலைக்குத் தயாராக வைத்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், தவறு இருந்தால் திருத்தி அனுப்பவும் செய்யலாம். பெரிய கம்பெனிகள் மட்டும் கூடுதல் உதவிக்குக் கட்டணம் கட்டின. அதில்தான் எல்லோருக்கும் சம்பளம்.

நாருவை முதலில் எழுதியவர் கிரண்குமார். சித்தூர்க்காரர், தெலுங்குக் குடும்பம். ஆனாலும் தமிழ் சரளமாகப் பேசுவார். ஆப்பிள் மடிக்கணினியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவருக்கு அடுத்தபடி பிரஹ்லாத். திருப்பதியில் பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பையன், அமைதியானவன். யார் திருத்தம் அனுப்பினாலும் அதைப் படித்துப் பார்த்து நாருவில் சேர்ப்பது அவன் பொறுப்பு.

தரணி சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புத்தூரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் வந்து இறங்குவாள். கல்லூரியில் அவள் படித்ததெல்லாம் யாரோ பயன்படுத்திக் கைமாறிய ஒரு விண்டோஸ் மடிக்கணினியில்தான். மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த கணினி.

ஒரு திங்கட்கிழமை காலை நாருவின் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். குடிபாலாவிலிருந்து ஜமீலா பேகம் என்ற பெண் எழுதியிருந்தாள்: "தற்காலிகக் கோப்புகளை நீக்குவதற்காக நாருவின் 'க்ளீன்' கட்டளையைப் போட்டேன். அது என்னுடைய ஆறு மாத வேலையை அழித்துவிட்டது. குப்பைத்தொட்டியிலும் இல்லை. என்ன நடந்தது என்று சொல்லுங்கள்."

அதற்குக் கீழே கிரண்குமாரின் பதில். "உங்கள் பயனர் பெயரில் இடைவெளி இருக்கிறது. இடைவெளி இல்லாத பெயரில் புதுக் கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். இது நாருவின் பிழை அல்ல." அத்தோடு புகாரை மூடியும் விட்டார்.

மூடிய பிறகும் அந்தப் பெண் விடவில்லை. "என் பெயர் ஜமீலா பேகம். நடுவில் இடைவெளி இருக்கிறது. ஆதாரில் இருக்கிறது, டிகிரி சர்டிபிகேட்டிலும் இருக்கிறது. விண்டோஸே ஏற்றுக்கொண்ட பெயர் இது. உங்கள் கருவிக்காக என் பெயரை நான் மாற்ற மாட்டேன்."

தரணி அதை இரண்டு முறை படித்தாள். முகம் சூடாகிவிட்டது. நாருவின் இணையப் பக்கத்தில் பெரிதாக மூன்று படங்கள் போட்டிருந்தார்கள்: ஆப்பிள், லினக்ஸின் பென்குவின், விண்டோஸின் ஜன்னல். மூன்றிலும் ஓடும் என்று கீழே எழுதியிருந்தது. நாருவில் ஒவ்வொரு மாற்றம் செய்யும்போதும் மூன்று வகைக் கணினியிலும் சோதனைகள் தாமாகவே ஓடும். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று பச்சைக் குறிகள் விழும். தரணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மூன்றும் பச்சையாகத்தான் இருந்தன.

அப்படியானால் இது எப்படித் தப்பியது? விண்டோஸ் சோதனையின் உள்ளே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'தவிர்க்கப்பட்டது' என்று வந்திருந்தது. ஒரு சோதனைகூட ஓடவில்லை. எதுவும் ஓடாததால் எதுவும் தோற்கவில்லை. அதனால் பச்சை.

"பிரஹ்லாத், இன்னா இது?"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு தன் காபி டம்ளரைப் பார்த்தான். "முதல் வெளியீட்டுக்கு முன்னாடி கிரண் சொன்னார். விண்டோஸ்ல நிறைய தோத்துண்டிருந்தது. இப்போதைக்கு விட்டுடு, அப்பறம் பாத்துக்கலாம்னார். தவிர்க்கச் சொல்ற வரியை நான்தான் எழுதினேன்."

"அப்பறம் பாத்தீங்களா?"

"இல்லே."

தரணி தன் இடத்துக்குப் போனாள். அந்தத் தவிர்க்கும் வரியை எடுத்துவிட்டு மாற்றத்தை அனுப்பினாள். காபி ஆறுவதற்குள் முடிவு வந்தது. விண்டோஸ் பக்கம் முழுக்கச் சிவப்பு. அது சிவப்பாக இருக்கும்வரை நாருவின் புதுப் பதிப்பை யாரும் வெளியிட முடியாது. அப்படித்தான் அந்த ஏற்பாடு.

கிரண்குமார் தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். "ஏம்மா தரணி, இதை எவரு பண்ணது?"

"நான்தான் சார்."

"நம்ம உதவிக்குப் பணம் கட்ட யோசிக்கற ஹைதராபாத்காரங்களோட வர்ற வாரம் மீட்டிங். அவங்க இந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பாப்பாங்க. திருப்பிப் போடு."

"போட மாட்டேன் சார்."

பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"போடமாட்டேன்னா?"

"ஓடாத சோதனைக்குப் பச்சை காட்டறது பொய் சார். அந்தப் பச்சைய நம்பித்தான் அந்தப் பொண்ணு அந்தக் கட்டளையப் போட்ச்சு. ஆறு மாச வேல போச்சு. சிவப்பாவே இருக்கட்டும். சரி பண்ணிட்டு பச்சையாக்கலாம். இல்லன்னா அந்த ஜன்னல் படத்த எடுத்துடுங்க."

கிரண்குமார் கத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சூடும்மா, இங்க பாரு. விண்டோஸ் ஒரு சமுத்திரம். ஒவ்வொருத்தன் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. நாம ஆறு பேர். அதுல இறங்கினா புதுசா ஒண்ணும் செய்ய முடியாது. நான் சொல்றது அர்த்தமாயிந்தா?"

"ஆச்சு சார். ஆனா படத்தப் போட்டது நாமதானே."

மறுநாள் காலை இணையப் பக்கத்தில் ஜன்னல் படம் இல்லை. விண்டோஸ் சோதனைகளையும் அடியோடு நீக்கியிருந்தார் கிரண்குமார். இரண்டே குறிகள், இரண்டும் உண்மையான பச்சை. தரணியின் மேசையைக் கடக்கும்போது, "நீ கேட்டபடியே பண்ணிட்டேன்மா" என்றார். குரலில் கேலி இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் தோற்றவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

*

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. தரணி முன்கூட்டியே ஜமீலாவுக்கு எழுதி முகவரி வாங்கியிருந்தாள். ரயிலில் திருப்பதி வந்து, அங்கிருந்து சித்தூர் போய், அங்கே வேலூர் பஸ் பிடித்து குடிபாலாவில் இறங்கினாள். மெயின் ரோட்டை ஒட்டிய மாடி வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்குத் தரணியைவிட ஓரிரு வயது குறைவாக இருக்கும். தலையில் துப்பட்டா, கையில் மாவு.

"நாரு கம்பெனிலருந்து வந்துக்கினு கீறேன். தரணி."

"வாங்க." உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் கோபத்தை எடுத்தாள். "படத்த எடுத்துட்டீங்க போல."

"நான்தான் சொன்னேன், சரி பண்ணுங்க இல்ல எடுங்கன்னு."

"அப்ப நீங்க கேட்டது கிடைச்சிடுச்சு. எனுக்கு இன்னா கிடைச்சுதுக்கா? நேத்து வரைக்கும் ஏமாத்தினீங்க. இன்னைக்கு, நீ எங்க ஆளே இல்ல, போன்னு சொல்றீங்க. எது மேல்?"

ரயிலிலும் பஸ்ஸிலும் தரணியே தன்னைக் கேட்டுக்கொண்டு வந்த கேள்விதான் அது.

ஜமீலா பி.சி.ஏ. முடித்தவள். சித்தூர் பக்கத்தில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலைகள் பல உண்டு. அதில் ஒன்றுக்கு அவள் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். எந்தத் தோட்டத்து வண்டி எப்போது வர வேண்டும் என்று விவசாயிகளுக்கு முன்கூட்டியே போனில் சொல்லும் ஏற்பாடு. சீசனில் வெயிலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும், பழம் அழுகும். அதைத் தடுக்கத்தான். சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாம் அழிந்தது. ஆலைக்காரர் காத்திருக்கவில்லை, அந்த வருடமும் பழையபடியே நடத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"எங்க நைனாவும் மாங்கா வண்டில நின்னவருதான்," என்றாள் தரணி. "எங்க நடந்துதுன்னு காட்டு."

மடிக்கணினியைத் திறந்தார்கள். ஜமீலா கல்லூரியில் படிக்கும்போது வைத்திருந்த கோப்புறையின் பெயர் 'ஜமீலா'. பிறகு முழுப் பெயரில் புதுக் கணக்கு தொடங்கியபோது 'ஜமீலா பேகம்' என்று இன்னொரு கோப்புறை வந்தது. ஆலைக்கான வேலை எல்லாம் பழக்கதோஷத்தில் பழைய 'ஜமீலா'விலேயே இருந்தது.

தரணிக்குப் புரிந்துவிட்டது. நாரு தன் தற்காலிகக் கோப்புகளை 'ஜமீலா பேகம்' கோப்புறைக்குள்தான் வைத்திருந்தது. அவற்றை அழிக்கும்போது அந்த முகவரியை ஒரே வரியாகக் கணினியிடம் சொன்னது. மேற்கோள்குறி போடவில்லை. இடைவெளியைக் கண்ட கணினி, இரண்டு தனி முகவரிகள் என்று எடுத்துக்கொண்டது. முதல் பாதி 'ஜமீலா'வில் முடிந்தது. அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு கோப்புறை இருந்தது. கேட்காமல் அழித்தது. முழு அதிகாரம் கொண்ட அட்மினாகத் திறந்துதான் நாருவை ஓட்ட வேண்டும் என்று நாருவின் பக்கத்திலேயே எழுதியிருந்ததால், தடுக்கவும் ஆளில்லை.

நிச்சயப்படுத்திக்கொள்ள அதே பெயர்களில் இரண்டு வெற்றுக் கோப்புறைகளை வேறோர் இடத்தில் உருவாக்கி, அதே வரியைப் போட்டார்கள். முதலாவது கண் முன்னாலேயே காணாமல் போனது.

"அல்லா!" என்றாள் ஜமீலா. பிறகு சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் நின்றது. "இவ்ளோதானா? ரெண்டு மேற்கோள்குறிக்கா?"

"அது மட்டும் போதாது. நாம சரியா பண்ணலாம்."

"நாமளா? உங்க கம்பெனி ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது. ஆனா நாரு எல்லாருக்கும் திறந்து கீது. யாரு வேணா திருத்தி அனுப்பலாம்னு கிரண் சாரே எழுதி வச்சிக்கீறாரு. சனிக்கிழம என்னுது. உன் கம்ப்யூட்டரு உன்னுது. யாரு கேக்கறது?"

*

அந்தக் கோடை முழுக்கத் தரணியின் சனிக்கிழமைகள் குடிபாலாவில் கழிந்தன. தொடத் தொட வேலை பெருகியது. கிரண்குமார் சமுத்திரம் என்று சொன்னது பொய்யில்லை. முகவரியில் கோடு இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு கணினிக்குப் புரியும், அந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொன்றுக்கு. வரி முடிவதைக் காட்டும் குறிகூட இரண்டிலும் வேறு. லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பை அழிக்கலாம். விண்டோஸ் விடாது, அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். ஒன்றைச் சரிசெய்தால் முன்பு ஓடிக்கொண்டிருந்த மற்றொன்று நிற்கும்.

ஒரு சனிக்கிழமை தரணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "விட்டுடலாம் போல கீது ஜமீலா."

"நீங்க விடுங்க. நான் விட மாட்டேன்," என்றாள் ஜமீலா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல்ல துன்னுங்க. துன்னுட்டு பேசலாம்."

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் வழி பிடிபட்டது. கட்டளையை ஒரே வரியாகக் கோத்துக் கணினியிடம் வீசுவதை நாரு முழுவதிலும் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கொடுத்தால் இடைவெளி எங்கே இருந்தாலும் அது பெயரின் பகுதியாகவே போகும். எந்தக் கோப்புறையை அழிப்பதற்கு முன்னும், அது நாருவே உருவாக்கியதுதானா என்று உள்ளே ஓர் அடையாளம் தேடிப் பார்க்க வைத்தார்கள். அடையாளம் இல்லை என்றால் தொடாது. நீக்கப்பட்ட விண்டோஸ் சோதனைகளையெல்லாம் தரணி திரும்பக் கொண்டுவந்தாள். இந்த முறை சோதனைக் கோப்புறையின் பெயரிலேயே இடைவெளி வைத்தாள்.

விஷயம் கிரண்குமாருக்கு எட்டிவிட்டது. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார். "விண்டோஸ் நமக்கு ஒத்து, வேணவே வேணாம்னு சொன்னேன்."

"நீங்க உங்க நேரத்துல வேணாம்னீங்க சார். நான் என் நேரத்துல பண்றேன்."

"அனுப்பினா சேர்க்க வேணாம்னு பிரஹ்லாத்கிட்ட சொல்லிட்டேன்."

"அத்த அவரு சொல்லட்டும் சார்."

திருத்தம் ஜமீலாவின் பெயரில் போனது. அனுப்பியவர் என்ற இடத்தில் 'ஜமீலா பேகம்' என்று, நடுவில் இடைவெளியோடு இருந்தது. தரணி கூட்டாக எழுதியவள் என்று கீழே போட்டிருந்தார்கள்.

பிரஹ்லாத் அதைப் படிக்கத் தொடங்கினான். புகார்ப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி கேள்விகள் கேட்டான். இந்த இடத்தில் கோப்பு பூட்டியிருந்தால் என்ன ஆகும்? அடையாளக் கோப்பை யாராவது தவறுதலாக நகல் எடுத்திருந்தால்? ஜமீலா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். ஒரு கேள்விக்கு மட்டும், "நீங்கள் சொல்வது சரி, மாற்றுகிறேன்" என்று மாற்றியும் அனுப்பினாள்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் தரணி அவனைக் கேட்டாள். "சேர்ப்பீங்களா?"

"அப்பா பேச்சை மீறினதில்லே. வாத்தியார் பேச்சை மீறினதில்லே. இங்கே வந்து கிரண் பேச்சையும் மீறினதில்லே," என்றான் பிரஹ்லாத். "அந்தத் தவிர்க்கற வரியை எழுதறச்சே, இது தப்புன்னு எனக்குத் தெரியும் தரணி. தெரிஞ்சுண்டேதான் எழுதினேன்." டீயை முடிக்காமலே டம்ளரை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து மாடியேறிப் போனான்.

அவள் தன் டீயை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அவன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் மூன்று சோதனைகளும் ஓடி முடிந்து, மூன்றும் பச்சை. திருத்தம் நாருவில் சேர்ந்துவிட்டிருந்தது. கீழே அவன் எழுதியிருந்தான்: "முழுக்கப் படித்துப் பார்த்தேன். சேர்க்காமல் இருக்க ஒரு காரணமும் தெரியவில்லை. சேர்த்தது நான்."

கிரண்குமார் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இந்த முறை அவர் குரல் உயர்ந்தது. "நான் வேணாம்னு சொன்னதை நீ எப்படிச் சேர்த்தே? ஒரே நிமிஷத்துல இதைத் திருப்பி எடுத்துடுவேன், தெரியுமா?"

பிரஹ்லாத் வாய் திறப்பதற்குள் தரணி பேசினாள்.

"எடுங்க சார். தாராளமா எடுங்க. ஆனா உங்க பேருல எடுங்க. ஏன் எடுக்கறீங்கன்னு கீழ எழுதுங்க. எல்லாரும் படிக்கட்டும். ஓடற திருத்தத்த ஏன் வேணான்றீங்கன்னு குடிபாலால ஒருத்தி கேப்பா. அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. என்ன வேலைலருந்து எடுக்கறதா இருந்தாலும் எடுத்துடுங்க. புத்தூர்லருந்து இதே திருத்தத்த தினமும் அனுப்பிக்கினு இருப்பேன்."

"பிரஹ்லாத், நீ?"

"நானும் மறுபடி சேர்ப்பேன்," என்றான் பிரஹ்லாத்.

கிரண்குமார் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அந்தத் திருத்தத்தை மேலிருந்து கீழே படித்தார். வெகுநேரம் படித்தார். தான் எழுதிய வரிகள் சிவப்பில் அடிபட்டு, பக்கத்தில் புது வரிகள் நிற்பதைப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த அடையாளக் கோப்பு யோசனை எவருது?" என்று கேட்டார்.

"ஜமீலாவுது."

"இது ஆப்பிள்லயும் வேணும். எனக்குத் தோணவே இல்ல." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாளைக்கு விண்டோஸ்ல வேற எதாச்சும் உடைஞ்சா எவரு நிப்பா?"

"நாங்க நிப்போம் சார். உடைஞ்சா சிவப்பு காட்டும். நம்ம கண்ணுக்கும் தெரியும்."

அவர் 'சரி' என்று சொல்லவில்லை. திருத்தத்தைத் திருப்பி எடுக்கவும் இல்லை. இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

புதுப் பதிப்பு அடுத்த வாரம் வெளியானது. மறுபடி பேச வந்த ஹைதராபாத்காரர்கள் விண்டோஸைப் பற்றிக் கேட்டபோது, எது ஓடும், எது இன்னும் தடுமாறும் என்று கிரண்குமார் மறைக்காமல் சொன்னார். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜமீலாவுக்கு அந்த மாம்பழ சீசன் திரும்ப வரவில்லை. ஆலைக்கான மென்பொருளை முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாள், அடுத்த வருடத்துக்கு. அந்தச் சமயத்தில்தான் கிரண்குமார் அவளுக்குப் போன் செய்தார். தரணி எதிரே உட்கார்ந்திருந்தாள், ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"எங்க கம்பெனிக்கு வந்துடும்மா. விண்டோஸ் முழுக்க நீயே பாத்துக்கோ."

மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு ஜமீலா பேசினாள்.

"வேணாம் சார். உள்ள வந்துட்டா உங்க மேல நான் புகார் எழுத முடியாது. நான் வெளியவே இருக்கேன். உள்ள பாத்துக்க தரணிக்கா கீறாங்க."

"சரேம்மா," என்றார் கிரண்குமார்.

போனை வைத்தார். பிறகு தரணியிடம், அலுவலகத்துக்கு ஒரு விண்டோஸ் கணினி வாங்க வேண்டும், எது வாங்கலாம் என்று கேட்டார்.

"சார், புதுசு வேணாம்," என்றாள் தரணி. "ஊர்ல எல்லாரும் வச்சிக்கினு கீற மாதிரி பழசா ஒண்ணு வாங்குங்க."